சார்ஜ் எடுத்தவர் கையெழுத்து

பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரும்னு யாரோ ஒரு புண்ணியவான் கெளப்பி விட்டிருக்கான். எனக்கு வந்தது பட்டப்பகல்ல. மதியம் ஒண்ணு அம்பதுக்கு. வெளியில நல்ல வெயில். நீங்க நம்பணும்னு நான் கெஞ்சப் போறதில்ல, நானே லேசுல யாரையும் நம்பாத ஆள். ஆனா இது நடந்தது. தேதி, நேரம் எல்லாம் என் சர்வீஸ் நோட்டுல அன்னன்னிக்கே எழுதி வச்சிருக்கேன்.

என் பேரு சாதிக் அலி. மந்தாரக்குப்பத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. "பாய் முதல்ல நம்மளைக் கழட்டிப் பாப்பாரு, அப்புறம்தான் கம்ப்யூட்டரை"ன்னு கஸ்டமருங்க கிண்டல் பண்ணுவாங்க. என் வீட்டுக்காரி ஜுலைகா அதுக்கும் மேல. "இவரு கண்ணாடியில தன்னையே பாத்தாக்கூட யாருய்யா நீன்னு கேப்பாரு"ம்பா. என்ன செய்ய, தொழில் அப்படி. நூறு கம்ப்யூட்டர் கெட்டா பத்துதான் தானா கெடும். மீதி தொண்ணூறுல யாரோ கைய வச்சிருப்பாங்க. வச்சுட்டு, நான் ஒண்ணுமே பண்ணலைம்பாங்க.

2004, நவம்பர் 19. ரம்ஜான் முடிஞ்சு வந்த முதல் வெள்ளிக்கிழமை. காலையில 10:40க்கு அலெக்ஸ் சார் போன் பண்ணாரு. அவரு ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியோட சைட் இன்ஜினியர். நிலக்கரிச் சுரங்கத்தைச் சுத்தி இருக்கற போர்வெல்லுங்கள்ல தண்ணி மட்டம் எவ்வளவு நிக்குதுன்னு ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் அவங்க வேலை. அந்த மட்டத்தையெல்லாம் படமாக் காட்டற கம்ப்யூட்டர் ஒண்ணு அங்க உண்டு. லினக்ஸ் மெஷின். நான் அசெம்பிள் பண்ணிக் குடுத்ததுதான்.

"பாய், படம் வர மாட்டேங்குது. கறுப்பா எழுத்து மட்டும் நிக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓனர் வர்றாரு."

"யாரு உக்காந்திருந்தது?"

"புதுசா வந்த பொண்ணு. நாலு நாளாத்தான் வருது, நாலு நாளும் பிரச்சனை. ஆறு மணிக்குப் படம் வரலைன்னா அதை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்."

ஒரு மணி ஜும்மா தொழுகைக்குள்ள முடிச்சிடலாம்னு கெளம்பினேன்.

வளையமாதேவி போற ரோட்டோரமா தகரக் கூரை போட்ட ஒத்தை ரூம் ஆபீஸ். பக்கத்துல தடுப்பு வச்சு அலெக்ஸ் சாருக்கு ஒரு சின்ன ரூம். 11:20க்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ள மேஜை, கம்ப்யூட்டர், சுவத்துல கடிகாரம், ஒரு இரும்பு பீரோ. மேஜைக்கு முன்னாடி பிரம்பு பின்னின மர நாற்காலி. அந்தப் பொண்ணு அதுல உக்காரல. ஓரமா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தா.

பேரு மேரிசெல்வி. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசிருக்கும். குள்ளஞ்சாவடியில இருந்து காலையில நாலரை மணி பஸ்ஸைப் புடிச்சு ஆறு மணி ஷிப்டுக்கு வர்ற பொண்ணு. அப்பாவுக்கு மூச்சிரைப்பு, படுத்த படுக்கை. தங்கச்சி படிக்குது. இந்தச் சம்பளம்தான் வூட்டுக்கு. இதெல்லாம் நான் கேக்காமலே சொன்னா. பயந்தவங்கதான் கேக்காமலே சொல்லுவாங்க... அப்படித்தான் நான் நெனச்சேன்.

"நீ என்ன பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க பாய்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துச்சு.

"முதல் நாளு நல்லா ஓடிக்கினு இருந்துச்சுங்க. ஒண்ணு அம்பதுக்கு டப்புனு போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத் தானா வந்துச்சு. மறுநாளும் அதே ஒண்ணு அம்பது. வர மூணு மணி நேரமாச்சு. நேத்து போனதுதாங்க, வரவே இல்ல."

"அது என்ன சொல்லி வச்சாப்பல ஒண்ணு அம்பது? ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியுது. பத்து நிமிஷம் முன்னாடி பஸ்ஸைப் புடிக்கலாம்னா?"

அவ கண்ணு கலங்கிடுச்சு. 

மர நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். பிரம்பு சூடா இருந்துச்சு. யாரோ ரொம்ப நேரம் உக்காந்துட்டு இப்பத்தான் எழுந்து போன மாதிரி சூடு. ஜன்னல் வெயில்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தா ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்துச்சு.

டிஸ்ப்ளே கார்டைக் கழட்டித் தொடைச்சு மாட்டினேன். வரல. கையோட கொண்டுபோன வேற கார்டைப் போட்டேன். வரல. எழுத்து ஒழுங்கா வருது, படம் மட்டும் தொடங்க மறுக்குது. அப்பத்தான் கடைசி வரியை நிதானமாப் படிச்சேன். இங்கிலீஷ்ல இருந்தது. தமிழ்ல சொன்னா இதுதான்: 'ஜீரோ திரையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடவில்லை என்றால் பூட்டு ஃபைலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கவும்.'

ஜீரோ திரைன்னா நம்ம முன்னாடி இருக்கற இதே திரைதான். இது சாதாரண விஷயம். ஒருத்தர் படத்தைத் தொடங்கினா மெஷின் ஒரு பூட்டு ஃபைலைப் போட்டு வச்சுக்கும், இந்த இடத்துல ஆள் இருக்குன்னு அடையாளத்துக்கு. பஸ் சீட்டுல துண்டைப் போட்டு இடம் புடிக்கற மாதிரி. ஆளு ஒழுங்கா வெளிய போகலைன்னா துண்டு மட்டும் அங்கயே கெடக்கும். நாம எடுத்துப் போட்டுட்டு உக்காந்துக்கலாம்.

அழிச்சேன். தொடங்கினேன்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

போய்ப் பாத்தா அழிச்ச ஃபைல் திரும்ப அங்கயே இருந்துச்சு. நேரம் 11:52. ஃபைலுக்கு உரிமையாளர் யாருன்னு பாத்தேன். 'அமிர்தன்'னு ஒரு பேரு.

"யாரும்மா இந்த அமிர்தன்?"

மேரிசெல்வி சட்டுனு தலை நிமிந்தா. "அமிர்தநாதன் சாருங்க. எனக்கு முன்னாடி இந்த ஷிப்டு பாத்தவரு. எறந்துட்டாருங்க."

"எப்ப?"

"ஆறாம் தேதிங்க. இந்த நாற்காலியிலயே. ஹார்ட் அட்டாக்கு. நான் வர்ற வரைக்கும் இந்த ஷிப்டுக்கு ஆளே போடலீங்க."

நான் எழுந்துக்கல. ஆனா முதுகை நாற்காலியில சாய்க்கவும் இல்ல.

யார் யார் உள்ள இருக்காங்கன்னு காட்டற கமாண்டு ஒண்ணு உண்டு. அதை அடிச்சேன். ரெண்டு வரி வந்துச்சு. ஒண்ணு நான். இன்னொண்ணு... அமிர்தன், ஜீரோ திரை, நவம்பர் 6, 13:50.

மெஷினை நிறுத்தி மறுபடி போட்டா அந்தப் பட்டியல் அழிஞ்சுடணும். பிளக்கைப் பிடுங்கினேன். அம்பது வரைக்கும் எண்ணிட்டுச் சொருகினேன். வந்ததும் பாத்தேன்.

நவம்பர் 6, 13:50.

சரி, யாரோ வெளையாடறான்னு முடிவு பண்ணேன். அலெக்ஸ் சார் ரூம்ல இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு, நடுவுல ஒரு ஒயர். அந்த ஆளு ஏற்கெனவே வேற ஆளைப் போடறதாச் சொல்றாரு. இந்தப் பொண்ணைத் தொரத்த அவரே பண்ணலாமில்ல? ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். மேரிசெல்வியை வெளிய வேப்பமரத்தடியில போய் நிக்கச் சொன்னேன். ஜன்னல் வழியாப் பாத்தா தெரியற மாதிரி. கதவைச் சாத்தினேன். இப்ப ரூம்ல நான் மட்டும்.

நேரம் 11:59.

கீபோர்டுல வலது பக்கம் நம்பர் அடிக்கறதுக்கு ஒரு சின்னப் பச்சை லைட் உண்டு. அது அணைஞ்சிருந்தது.

சரியா 12:00க்கு அது எரிஞ்சுது.

நான் தொடல. என் ரெண்டு கையும் மடியில இருந்துச்சு.

ஒரு நிமிஷம் எரிஞ்சுது. அணைஞ்சுது.

அப்பவும் நான் நம்பல. கீபோர்டு கோளாறுன்னு நோட்டுல எழுதினேன். கோணலாப் போயிருக்கற கையெழுத்தை இன்னிக்கும் பாக்கலாம்.

செத்தவரோட பேரை மெஷின்ல இருந்தே நீக்கிடலாம்னு கமாண்டு குடுத்தேன். மறுத்துடுச்சு. 'இவர் இப்போது உள்ளே இருக்கிறார்'னு பதில் வந்துச்சு. கடைசியா அவரு கீ தட்டி எவ்வளவு நேரமாச்சுன்னு பாக்க வழி இருக்கு. பாத்தேன். ரெண்டு வினாடி.

கையை எடுத்துட்டு கடிகாரத்தைப் பாத்து முழுசா ஒரு நிமிஷம் காத்திருந்தேன். திரும்ப அடிச்சேன்.

ஒரு வினாடி.

டக்...

அது என் கீபோர்டோட சத்தம்தான். கீபோர்டு எனக்கு முன்னாடிதான் இருந்துச்சு. கீ எதுவும் அசையல.

நான் எழுந்து வெளிய வந்துட்டேன்.  ஜும்மாவுக்குப் போகணும்ங்கறதே மறந்துடுச்சு. இன்னொருதரம் உள்ள போனா 1:00 மணிக்கும் அந்த லைட்டு எரிஞ்சுது. இந்தத் தடவை மேரிசெல்வியும் பக்கத்துல நின்னு பாத்தா. அவ ஆச்சரியப்படல.

"ரீடிங் போடறாருங்க"ன்னா. "மணிக்கு ஒருதரம் நம்பர் போடணுங்க. அதான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சொன்னா வேலையை வுட்டு நிறுத்திடுவாங்கன்னு பயந்துக்கினு சொல்லலீங்க."

அப்புறம் அவளே சொன்னா. அமிர்தநாதன் பழைய ஆளு. முப்பத்திரண்டு வருஷம் ஷிப்டு பாத்து ரிட்டயர்டு ஆகி, சும்மா இருக்க முடியாம இங்க கான்ட்ராக்ட்ல வந்தவரு. மாத்து ஆள் வந்து, சார்ஜ் எடுத்துக்கிட்டேன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடாம ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லையாம். ஒரு மழையில அடுத்த ஷிப்டு ஆளு வராம பதினாறு மணி நேரம் உக்காந்திருக்காரு. ஆறாம் தேதி ஒண்ணு அம்பதுக்கு உயிர் போயிருக்கு. மாத்து ஆள் வந்தது ரெண்டு பத்துக்கு. வந்தவன் பதறி ஓடியிருக்கான். சார்ஜ் யாரும் எடுக்கல. அந்த ரிஜிஸ்டரைப் பாக்கவே சங்கடமா இருக்குன்னு அலெக்ஸ் சார் பீரோவுல போட்டுட்டுப் புது ரிஜிஸ்டர் ஆரம்பிச்சுட்டாரு.

இது எனக்குப் புரிஞ்சுது. நான் இந்த ஊர்ல வளந்தவன். எங்க அத்தாவும் ஷிப்டு பாத்தவருதான். பெருநாள் அன்னிக்குக்கூட, மாத்து ஆள் வரலைன்னா வீட்டுக்கு வர மாட்டாரு. "சார்ஜ் குடுக்காம எப்படிடா வர்றது"ம்பாரு. பிரியாணி ஆறிப் போயிருக்கும். இந்த ஊருல அது ஒரு மானம்.

நானே பீரோவைத் தெறந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். நவம்பர் 6. முதல் ஷிப்டு. மணிக்கு மணி குண்டு குண்டா எழுதின நம்பருங்க, ஒரு மணி வரைக்கும். கீழ ரெண்டு கட்டம். 'சார்ஜ் கொடுத்தவர்', 'சார்ஜ் எடுத்தவர்'. ரெண்டும் காலி.

நேத்து நான் எடுத்துப் பாத்தப்ப ரெண்டும் காலியாத்தான் இருந்துச்சுங்க, இப்ப நல்லாப் பாருங்கன்னு மேரிசெல்வி மெதுவாச் சொன்னா. அப்புறம்தான் கவனிச்சேன். முதல் கட்டம் காலி இல்ல. அழுத்தி எழுதின பேனாத் தடம் மட்டும் இருந்துச்சு, மை இல்லாம. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா 'அமிர்தநாதன்'னு படிக்க முடிஞ்சுது.

மணி 1:41.

இங்கதான் நான் அந்தப் பாவத்தைப் பண்ணேன்.

"இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. சார்ஜ் எடுத்தவர்னு யாராச்சும் ஒருத்தர் போட்டா மனுஷன் வீட்டுக்குப் போயிடுவாரு"ன்னேன். பாதி கிண்டல். பாதி... என்னன்னு எனக்கே தெரியல.

அவ பேனாவை என்கிட்ட நீட்டினா. "நீங்க போடுங்க பாய். எனக்குப் பயமா இருக்குங்க."

நான் வாங்கல. என்னன்னு தெரியாத காயிதத்துல நான் கையெழுத்துப் போடறதில்ல. அது என் பழக்கம். அந்தச் சமயத்துல, உண்மையைச் சொல்லணும்னா, அது பழக்கமில்ல, பயம்.

"நான் இங்க வேலை பாக்கறவன் இல்லியேம்மா. உன் ஷிப்டு, நீதான் போடணும். போட்டா உன் வேலை தப்பிக்கும். இல்லைன்னா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போ."

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் சிலுவை போட்டுக்கிட்டா. கடிகாரத்தைப் பாத்தா.

1:50க்குக் கையெழுத்துப் போட்டா.

"நீங்க கெளம்புங்க சார்... நான் பாத்துக்கறேன்."

கிறீச்.

நாற்காலி. மேல யாரும் இல்ல.

பிரம்பு மெல்ல மேல எழும்பி நேராச்சு.

நான் தொடங்கற கமாண்டை அடிச்சேன்.

படம் வந்துடுச்சு.

ஆறு மணிக்கு ஓனர் வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டாரு. மேரிசெல்விக்கு வேலை தங்கிடுச்சு. பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்து ரெண்டு கையும் கூப்பினா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு. பொண்ணு ஏதோ தந்திரம் பண்ணியிருக்கான்னு தோணுச்சு. அலெக்ஸ் சாருக்குப் போனைப் போட்டு, "எதுக்கும் அவ மேல ஒரு கண்ணு வையுங்க"ன்னேன். ஜுலைகா பக்கத்துல நின்னு கேட்டுட்டு, "ஏன் இப்படி இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டா.

அதுக்கப்புறம் அந்த மெஷின் ஒருநாளும் மக்கர் பண்ணல. மேரிசெல்வி மூணு வருஷம் அங்க இருந்தா. தினமும் புது ரிஜிஸ்டர்ல சார்ஜ் எடுத்து, சார்ஜ் குடுத்து, வீட்டுக்குப் போனா. கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் குடுத்தனுப்புவா. 2007ல கான்ட்ராக்ட் முடிஞ்சு ஆபீஸையே காலி பண்ணிட்டாங்க. பழைய கம்ப்யூட்டரை நான் எடைக்கு வாங்கினேன். ஒயருங்க போட்டிருந்த அட்டைப்பெட்டிக்கு அடியில அந்தப் பழைய ரிஜிஸ்டரும் வந்துடுச்சு. கடை மூலையில தூக்கிப் போட்டேன்.

2009, மார்ச் 10. செவ்வாய்க்கிழமை. ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டுச்சு. ரெண்டு வருஷமா கரண்டே பாக்காத மெஷினை எடுத்து ஒயர் சொருகினேன். மதியம் 3:20. உள்ள இருக்கற சின்ன பேட்டரி செத்துப் போயிருந்ததால தேதி 2000 ஜனவரி 1னு காட்டுச்சு. அது சகஜம். படத்தைத் தொடங்கினேன்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் உள்ள இருக்காங்கன்னு அடிச்சேன்.

மேரிசெல்வி. ஜீரோ திரை. மார்ச் 10. 13:50.

மெஷினுக்கு இன்னிக்கு என்ன தேதின்னே தெரியாது. அந்த வரிக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு.

அவ நம்பர் என்கிட்ட இருந்துச்சு. போட்டேன். தங்கச்சி ஏஞ்சலின் எடுத்துச்சு.

"அக்கா இல்லீங்க பாய்... போயிடுச்சுங்க." அழுகைக்கு நடுவுல சொல்லுச்சு. "ஆறு மாசமா கிட்னி சரியில்லீங்க. இன்னிக்கு மத்தியானம்தாங்க."

"எத்தனை மணிக்கும்மா?"

"ரெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்ங்க. ஏங்க?"

நான் திரையில இருந்த 13:50ஐயே பாத்துக்கிட்டிருந்தேன்.

"காலையில இருந்து ஒண்ணையே கேட்டுக்கினு இருந்துச்சுங்க பாய். 'எனக்கு மாத்து ஆள் வந்தாச்சா, வந்தாச்சா'ன்னு. யாரைக் கேக்குதுன்னு எங்களுக்குப் புரியலீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அட்டைப்பெட்டியைக் கவுத்து ரிஜிஸ்டரை எடுத்தேன். நவம்பர் 6 பக்கம். 'சார்ஜ் எடுத்தவர்' கட்டத்துல அவ கையெழுத்து, 1:50. அதுக்குக் கீழ எப்பவும் வெறும் கோடுதான் இருந்துச்சு. இப்ப அங்க புதுசா ஒரு பேனாத் தடம், மை இல்லாம. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தேன். சார்ஜ் கொடுப்பவர், மேரிசெல்வி.

பக்கத்துல, சார்ஜ் எடுக்கறவர் போட வேண்டிய இடம் காலி.

இது நடந்து பத்து மாசம் ஆச்சு. மெஷினை விக்கச் சொல்றா ஜுலைகா. வாங்கறவன் என்ன ஆவான்? ஒயரைப் பிடுங்கி வச்சுட்டேன். கரண்டு இல்லாத கீபோர்டுல மணிக்கு மணி அந்தப் பச்சை லைட்டு எரியுது, ஒரு நிமிஷம். இதை எழுதிக்கிட்டிருக்கும்போது மதியம் 1:00 மணிக்கும் எரிஞ்சுது.

நான் ஒரு கையெழுத்துப் போட்டா அவ வீட்டுக்குப் போயிடுவா. அன்னிக்கு அவ என்கிட்டதான் பேனாவை நீட்டினா. இப்ப ஒரு பேனாவை ரிஜிஸ்டர் மேலயே வச்சிருக்கேன். தினமும் 1:50க்கு எடுக்கறேன், மூடியைக் கழட்டறேன், திரும்ப வச்சுடறேன்.

இன்னிக்கும் நான் போடல.